பனையும் தேயிலையும் கனி கொடுக்கும் வாழ்வும்

(பருத்தித்துறைக்குச் சுற்றுலா சென்ற நமது தோட்டக் குடும்பங்கள் மத்தியில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வர முடியாமற் போனவர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இங்கு தரப்படுகிறது.)



கண்டியிலிருந்து ஏ-9 வீதியால் வந்து, ஆனையிறவு தாண்டி, பருத்தித்துறைக் கடற்கரை வரைக்கும் வந்துவிட்டோம். இதற்கு அப்பால் வடக்கே கடல்தான். வழியிலே பிள்ளைகள் கேட்டார்கள், "சேர், இங்கே மலையே இல்லையா?" என்று. மலை இல்லை. மலைக்குப் பதிலாக இந்த மண்ணிலே நிமிர்ந்து நிற்பது பனைமரம். நமக்குத் தேயிலை எப்படியோ, இந்த ஊர்ச் சனங்களுக்குப் பனை அப்படி. ஆகவே இன்றைக்கு இந்த இரண்டு மரங்களையும் வைத்துக்கொண்டு, கனி கொடுக்கும் வாழ்வு என்றால் என்ன என்று கொஞ்சம் யோசிப்போம். நான் வேதாகமத்திலிருந்து பேசுகிறேன். நம்மிலே சைவர்கள் அநேகர் இருக்கிறீர்கள். மரம் எல்லோருக்கும் பொது, அது சொல்லும் பாடமும் பொது. சங்கடப்படாமல் கேளுங்கள்.

இயேசுநாதர் படிப்பித்த முறையைப் பாருங்கள். பெரிய புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் படிப்பிக்கவில்லை. விதைக்கிறவன், திராட்சைச் செடி, அத்திமரம், கோதுமை மணி, கடுகு விதை என்று அந்த ஊர்ச் சனங்கள் தினமும் கண்ணால் பார்க்கும் பொருட்களை எடுத்தே பேசினார். அவர் நம்முடைய தோட்டத்துக்கு வந்திருந்தால் கொழுந்தையும் கவ்வாத்தையும் பற்றிப் பேசியிருப்பார். பருத்தித்துறைக்கு வந்திருந்தால் பனங்கொட்டையைக் கையில் எடுத்திருப்பார் என்பது என் எண்ணம்.

பனை வேதாகமத்திலேயே இருக்கிறது. 92ஆம் சங்கீதத்திலே நல்லவனுடைய வளர்ச்சி ஒரு மரத்துக்கு ஒப்பிடப்படுகிறது. மூல மொழியான எபிரேயத்தில் அது பேரீச்சை மரம். தமிழாக்கியவர்கள் நமது சனங்களுக்கு விளங்க வேண்டும் என்று அதைப் பனை என்றே எழுதிவிட்டார்கள். அப்படிப்பட்ட மொழிபெயர்ப்பு வேலைக்கும் இந்தப் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்த ஊரிலே இருக்கிற ஹாட்லிக் கல்லூரியை 1838இல் மெதடிஸ்த சபையின் பாடசாலையாகத் தொடங்கியவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஆறுமுக நாவலர். சைவத்துக்காகவே பிற்காலத்தில் வாழ்ந்த பெரியவர் அவர். ஆக, வேறு வேறு நம்பிக்கைக்காரர் சேர்ந்து உழைத்த மண்ணில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, பனை நமக்குச் சொல்லும் முதற் பாடத்துக்கு வருவோம்.

பனங்கொட்டையை மண்ணிலே போட்டால், முளை மேலே வருவதில்லை. முதலில் கீழே போகிறது. ஒரு அடி, அதற்கு மேலும் மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிழங்கு வைக்கிறது. இந்த ஊரிலே பாத்தி கட்டிக் கொட்டைகளை அடுக்கி, சில மாதம் பொறுத்துத் தோண்டி எடுக்கிறார்களே பனங்கிழங்கு, அது அந்த முளைதான். அதைக் கிண்டி எடுக்காமல் விட்டால் பிறகுதான் ஓலை மேலே தலை காட்டும். மேலே பார்க்கிறவனுக்கு, "போட்ட கொட்டை செத்துப் போச்சு" என்றுதான் தோன்றும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நமது மலையிலே தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். ஓடை, அருவி, ஆறு எல்லாம் உண்டு. மகாவலியே நமது பக்கத்து மலையில்தான் பிறக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே இறங்கி, நிலத்தின் அடியிலே தங்குகிறது. அந்த மறைந்த தண்ணீரை வைத்துத்தான் கிணறும், தோட்டமும், மரமும், மனிதரும். வெயில் காலத்திலே மேல்மண் சுடுகிறது. ஆனாலும் பனை பச்சையாக நிற்கிறது. ஒருவரும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை.

விசுவாசமும் இப்படித்தான். முதலிலே அது கீழே போகவேண்டும். ஆள் பார்க்கச் செய்கிற ஜெபத்தைவிட, விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் முன், அடுப்பு மூட்டிக்கொண்டே ஒரு தாய் வாய்க்குள்ளே சொல்கிற இரண்டு வார்த்தை ஆழமாகப் போகும். வீட்டிலே தாய் தகப்பன் பொய் பேசாமல் இருப்பது, கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பது, வயதான மாமியாருக்கு முகம் சுளிக்காமல் சோறு போடுவது, இவையெல்லாம் மண்ணுக்குள் இறங்குகிற வேர். அதைப் பாராட்டி ஒருவரும் மாலை போடமாட்டார்கள். ஆனால் வறட்சி வரும்போது அந்த வேர்தான் குடும்பத்தைத் தாங்கும்.

இரண்டாவது பாடம் பொறுமை.

"தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்" என்று பழமொழி சொல்வார்கள். பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது வேண்டும். இருபது ஆகிறதும் உண்டு. அதுவரைக்கும் அது ஆண்பனையா பெண்பனையா என்றுகூட யாராலும் சொல்ல முடியாது. பூ வந்தால்தான் தெரியும். ஆனால் வளர்ந்துவிட்டால் நூறு வருடத்துக்கு மேலும் நிற்கும். அந்தச் சங்கீதமும் இதைத்தான் சொல்கிறது. நல்லவர்கள் முதிர்வயதிலும் பலன் கொடுப்பார்கள், வாடிப்போகமாட்டார்கள் என்பது அதன் கருத்து.

இதைப் பெற்றோர்மார் நன்றாக மனதில் வையுங்கள். பிள்ளை எட்டாம் வகுப்பிலே இரண்டு பாடத்தில் சித்தியடையவில்லை என்றதும், "இவனுக்குப் படிப்பு ஏறாது, கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பிவிடுவோம்" என்று முடிவு கட்டுகிறோம். பெண்பிள்ளை என்றால் வீட்டு வேலைக்கு அனுப்புகிறோம். பூக்கும் முன்னமே இது காய்க்காத மரம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஏன் அனுப்புகிறீர்கள் என்று நான் கேட்டால், "வீட்டு நிலைமை அப்படி ஐயா" என்கிறீர்கள். அது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அனுப்பும் முன்னம் ஒரு தடவை பாடசாலை அதிபரோடு பேசுங்கள். எங்களிடம் வந்து கேளுங்கள். சாதாரண தரம் வரைக்குமாவது அந்தக் கன்றை மிதிக்காமல் விடுங்கள்.

பொறுமைக்கு நமது சமூகத்தின் சரித்திரமே ஓர் உதாரணம். நமது முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே விழுந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்களே, அது அவர்களுக்குச் செய்த மரியாதை. 1948இல் நமது சனங்களின் பிரஜாவுரிமை பறிபோனது. மிச்சமிருந்தவர்களுக்கும் அது கிடைக்கச் சட்டம் வந்தது 2003இல். கணக்குப் பார்த்தால் 55 வருடம். 1948இல் அதற்காகப் பேசிய எத்தனையோ பேர் அந்தச் சட்டத்தைப் பார்க்காமலே கண்ணை மூடினார்கள். பனை வைத்தவர்கள் அவர்கள். இன்றைக்கு அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குப் போடுகிறோமே, அது அவர்கள் வைத்த மரத்தின் பழம். கோதுமை மணி நிலத்தில் விழுந்து செத்தால்தான் மிகுந்த பலன் தரும் என்று இயேசு சொன்னதன் அர்த்தத்தை நமக்கு வேறொருவர் வந்து விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது பாடம் சுண்ணாம்புப் பாடம். ஆண்கள் கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

பனையின் பாளையைச் சீவி முட்டி கட்டுகிறார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குகிற நீர் இனிப்பானது. முட்டிக்குள்ளே சுண்ணாம்பு பூசிக் கட்டினால், அந்த நீர் புளிக்காமல் இனிப்பாகவே இருக்கும். இந்த ஊரிலே அதைக் கருப்பணி என்பார்கள். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஓலைக் குட்டானிலே வைத்துக் கடையில் விற்கிறார்களே, அதுதான். சுண்ணாம்பு பூசாமல் விட்டால், அதே மரத்தின் அதே நீர் சில மணி நேரத்திலே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். மரத்தில் குற்றமில்லை. நீரிலும் குற்றமில்லை. முட்டிக்குள்ளே சுண்ணாம்பு இருந்ததா இல்லையா என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

நமது சம்பளமும் அப்படித்தான். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று உங்கள் மனைவிமார் கொழுந்து கிள்ளுகிறார்கள். நீங்களும் மலையிலே முதுகு வளைக்கிறீர்கள். அது இனிப்பான நீர். சம்பள நாளன்று அது வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்குக் கொப்பி, சப்பாத்து, ஒரு நாளைக்கு நல்ல கறி. அதே காசு சந்தியிலே இருக்கிற கடைக்குள் போய்விட்டால், இரவு லயத்திலே சத்தமும் அழுகையும். காசு ஒன்றுதான். அப்போஸ்தலர் பவுல் கலாத்தியருக்கு எழுதின கடிதத்திலே ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களை வரிசைப்படுத்துகிறார். அது அன்பிலே தொடங்கி, தன்னைத்தான் அடக்குவதிலே முடிகிறது. அந்தக் கடைசிக் குணம்தான் முட்டிக்குள் பூசும் சுண்ணாம்பு. அது இல்லாவிட்டால் முதல் எட்டும் மத்தியானத்துக்குள்ளே புளித்துப் போகும். சுண்ணாம்பை நீர் வடிந்த பிறகு பூசிப் பிரயோசனமில்லை. முட்டி கட்டும் முன்னமே பூசவேண்டும். ஆகவே சம்பள நாளுக்கு முதல் நாளே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, எது எதற்கு எவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பாடம் நமக்குத் தெரிந்த பாடம். கவ்வாத்து.

யோவான் 15ஆம் அதிகாரத்திலே இயேசு தம்மைத் திராட்சைச் செடி என்றும், நம்மைக் கொடிகள் என்றும், பிதாவைத் தோட்டக்காரர் என்றும் சொல்கிறார். கனி கொடுக்கிற கொடியை, இன்னும் அதிகம் கொடுக்கும்படி தோட்டக்காரர் சுத்தம்பண்ணுவார். திராட்சைத் தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். உங்களுக்கு அப்படியில்லை. தேயிலையை விட்டால் முப்பது அடி மரமாகிப் போகும். பூவும் காயும் வைக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் கொழுந்து கைக்கு எட்டாது, கிடைக்கவும் மாட்டாது. அதனால் இடத்தின் உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுகிறோம். வெட்டின மலையைப் பார்த்தால் நெருப்புப் பிடித்த சுடுகாடு மாதிரி இருக்கும். மூன்று மாதம் போனால் இளம் தளிர்.

இந்த இடத்திலே ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வியைச் சொல்லவேண்டும். "ஐயா, ஆண்டவர் எங்களை மட்டும் ஏன் இப்படிக் கவ்வாத்துப் பண்ணிக்கிட்டே இருக்கிறாரு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது.

நல்ல கவ்வாத்து எப்படி நடக்கிறது? உங்களுக்கே தெரியும். கடும் வறட்சியிலே வெட்டமாட்டார்கள், தூர் செத்துவிடும். வெட்டுவதற்கு முன் மரத்துக்கு ஓய்வு கொடுத்து, வேரிலே பலம் சேர விடுவார்கள். பல இடங்களிலே ஓரத்தில் ஒன்றிரண்டு இலைக் கிளையை மூச்சு விடுவதற்காக விட்டு வைப்பார்கள். கத்தி கூர்மையாக இருக்கவேண்டும், கிழிக்கக்கூடாது. வெட்டின பிறகு தளிர் வந்தவுடனே பறிக்கமாட்டார்கள், மட்டத்துக்கு வரும்வரை பொறுப்பார்கள். மரத்தின் மேலே அக்கறை உள்ளவன்தான் இப்படி வெட்டுவான்.

ஆகவே நமக்கு வருகிற கஷ்டமெல்லாம் ஆண்டவருடைய கவ்வாத்து என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கூரை ஒழுகுவதும், குடிதண்ணீர் சரியில்லாததும், உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்காததும் மனிதர் செய்கிற குறை. அதை மனிதர்தான் திருத்தவேண்டும். அதைக் கேட்பது பாவமல்ல. கூலிக்காரருடைய கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூக்குரல் ஆண்டவருடைய காதுக்கு எட்டும் என்று யாக்கோபின் கடிதத்திலே எழுதியிருக்கிறது. பிதா வெட்டுவது நம்மிலே வீணாய் வளர்ந்த கிளைகளை. பொறாமை, பக்கத்து வீட்டுக்காரியோடு ஐந்து வருடமாகப் பேசாத வைராக்கியம், சீட்டுக் காசிலே செய்கிற சின்னத் திருட்டு, பிள்ளை முன்னால் பேசுகிற கெட்ட வார்த்தை, இவைதான் அந்தக் கிளைகள். அது வெட்டுப்படும்போதும் நோகும். ஆனால் அந்த இடத்திலே தளிர் வரும். எந்த வெட்டினாலே நம்மிடத்தில் அன்பும் சமாதானமும் துளிர்க்கிறதோ, அது அவர் வெட்டு.

இங்கே பனை இன்னொரு எச்சரிக்கை தருகிறது. தேயிலையை எங்கே வெட்டினாலும் துளிர்க்கும். பனை அப்படியல்ல. அதற்கு உச்சியிலே ஒரே ஒரு குருத்துத்தான். தலை போனால் பக்கத்தால் கிளை வராது. மரம் செத்தது செத்ததுதான். 1983 முதல் 2009 வரை நடந்த யுத்தத்திலே ஷெல் பட்டுத் தலை போன பனைகள் இந்தப் பகுதியிலே வெறும் தூண்களாக வருடக்கணக்காய் நின்றன. பங்கர் கட்டவென்று தறிக்கப்பட்டவையும் ஏராளம். வேர் நன்றாக இருந்தது, உடல் உறுதியாக இருந்தது. தலை இல்லை. சபைக்குத் தலை கிறிஸ்து என்று பவுல் எழுதினார். நமது வாழ்க்கையிலும் எத்தனையோ வெட்டுப்படலாம். வேலை போகலாம், ஊர் மாறலாம், வியாதி வரலாம். இவையெல்லாம் தேயிலைக் கிளைகள், திரும்பத் துளிர்க்கும். ஆனால் கடவுள் மேலே இருக்கிற நம்பிக்கை அந்தக் குருத்து. எதை விட்டாலும் அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. லூக்கா 13ஆம் அதிகாரத்திலே ஓர் அத்திமரத்தின் கதை உண்டு. மூன்று வருடம் கனி தேடி வந்த எஜமான், "வெட்டிப்போடு" என்கிறான். தோட்டக்காரன் என்ன செய்தான்? மரத்துக்காகப் பரிந்து பேசி, இன்னும் ஒரு வருடம் தவணை கேட்டான். சும்மா கேட்கவில்லை. நான் சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்று தன் உழைப்பையும் சேர்த்துக் கொடுத்தான். நமது லயங்களிலே, "அவன் திருந்தமாட்டான்", "அந்தக் குடும்பம் உருப்படாது" என்று நாம் கைவிட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்வது சுலபம், அதற்கு முள்ளுக்குத்த வேண்டியதில்லை. ஒரு வருடம் தவணை கொடுத்து, அவர்களைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணைக் கிளறி எரு போட நாம் தயாரா என்பதுதான் கேள்வி.

ஒரு காலத்திலே நமது மலைகளெல்லாம் கோப்பி. 1869இல் கோப்பி இலையிலே நோய் கண்டது. கொஞ்ச வருடத்திலே தோட்டம் தோட்டமாக அழிந்தது. எல்லாம் முடிந்தது என்று எத்தனையோ துரைமார் கப்பல் ஏறினார்கள். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முந்தியே, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். ஒரு பயிர் போனது, நிலம் போகவில்லை. வெட்டிப்போடு என்று சொன்ன இடத்திலேதான் இன்றைக்கு நாம் கொழுந்து எடுக்கிறோம்.

ஆகவே வீட்டுக்குப் போகும்போது மூன்று காரியத்தை மனதில் கொண்டுபோங்கள். பிள்ளையைப் பூக்கும்வரை பொறுங்கள். சம்பள முட்டிக்கு முன்கூட்டியே சுண்ணாம்பு பூசுங்கள். கைவிட்ட ஒரு ஆளுக்கு ஒரு வருடம் தவணை கொடுங்கள். பனையின் பயன்கள் 801 என்று தாலவிலாசம் என்ற பழைய நூல் கணக்குச் சொல்கிறதாம். ஓலை, நார், மட்டை, நுங்கு, பழம், கிழங்கு என்று அதிலே வீணாகப் போகிற பாகமே இல்லை. ஒரு மரத்தை இவ்வளவு பிரயோசனமாகப் படைத்தவர், உங்களை வீணாகப் படைத்திருக்கமாட்டார்.

ஆண்டவர் உங்கள் வீடுகளையும், பிள்ளைகளையும், கையின் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக.